சாவைச் சான்றாகக் கேட்கும் சட்டம்

உயிர் என்னும் சொல் சட்டத்திலும் மருத்துவத்திலும் ஒரே பொருளில் வழங்குவதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. நடைமுறையில் அவ்வாறில்லை. மருத்துவர் உயிரைக் காப்பதென்பது நோயாளியின் உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே பேணுவதாகும். குற்றவியற் சட்டமோ உயிர் என்பதைச் சாவின் எதிர்ப்பதமாக மட்டுமே கொள்கிறது. மூச்சு நிற்குமா, நிற்காதா என்பதே அதன் வினா. தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெக்காரணத்துக்காகவும் கருக்கலைப்புச் செய்தல் குற்றம் என விதிக்கும் நாடுகளில், இவ்விரு பொருள்களுக்கும் இடையிலான வேறுபாடு கருவுற்ற பெண்ணின் தலைமீதே விடிகிறது. இரத்தப்போக்கும் கிருமித்தொற்றும் உயிராபத்து என்பதைச் சட்டம் எளிதில் விளங்கிக்கொள்ளும். ஆனால், இக்கருவைச் சுமந்து வாழ இயலாது, உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று ஒரு பெண் கூறும்போது அதுவும் உயிராபத்தா? ஆமெனின், அதனை அளந்து சான்றுரைக்கத் தக்கவர் யார்?

இவ்வினாவுக்கு அயர்லாந்துக் குடியரசு 1983 முதல் 2018 வரை, 35 ஆண்டுகள் விடைதேடியது. நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. நான்கு முறை மக்கள் வாக்களிக்க அழைக்கப்பட்டனர். மருத்துவ நிபுணர்கள் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்தனர். தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, ஐந்தே ஆண்டுகளில் கைவிடப்பட்டது. இறுதியில் அந்நாடு அவ்வினாவையே தன் சட்டத்திலிருந்து நீக்கியது. அவ்வாறு நீக்கியது சரியானதே என்பதும், தற்கொலை அபாயத்தைக் கருக்கலைப்புக்கான அனுமதிச் சீட்டாக்கும் சட்டம் பெண்ணுக்கும் மருத்துவத்துக்கும் சட்டத்துக்குமே கேடு விளைப்பது என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்படும்.

வரலாற்று அடிப்படை

1861 ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய, ஆட்களுக்கெதிரான குற்றங்கள் பற்றிய சட்டத்தின் 58 ஆம் பிரிவு, சட்டவிரோதமாகக் கருக்கலைப்புச் செய்பவர்க்கும், தன் கருவைத் தானே கலைக்க முயலும் பெண்ணுக்கும் ஆயுட்காலச் சிறைத்தண்டனை வரை விதிக்க இடமளித்தது. அயர்லாந்து அப்போது பிரித்தானிய ஆட்சிக்குட்பட்டிருந்தது. 1922 இல் அங்கே தனியரசு தோன்றிய பின்னரும் அச்சட்டம் மாற்றமின்றி நிலைத்தது. ஆட்சியாளர் வெளியேறினர், அவர்களது சட்டப்புத்தகம் வெளியேறவில்லை என்பது குடியேற்ற நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான வரலாறேயாகும்.

சட்டவிரோதமாக என்ற ஒரு சொல்லே அச்சட்டத்தில் இருந்த சிறு வாயில். அவ்வாயிலை 1938 இல் இலண்டனில் திறந்தவர் அலெக் போர்ன் என்னும் மகப்பேற்று நிபுணர். படைவீரர் சிலரின் வன்புணர்வுக்கு ஆளான 14 வயதுச் சிறுமிக்குக் கருக்கலைப்புச் செய்த அவர், தம்மீது வழக்குத் தொடரும் வகையில் தம் செயலை மறைக்காது வெளிப்படுத்தினார். உயிராபத்துக்கும் உடல்நலக் கேட்டுக்கும் இடையே தெளிவான கோடு கிழிக்கவியலாது என்றும், கர்ப்பம் தொடர்ந்தால் பெண் உடலாலோ உள்ளத்தாலோ சிதைந்துபோவாள் என வைத்தியர் நேர்மையாக நம்பின் அவர் அவளது உயிரைக் காக்கவே செயற்பட்டார் எனக் கொள்ளலாம் என்றும் நீதிபதி மக்னாட்டன் யூரர்களுக்கு எடுத்துரைத்தார். போர்ன் விடுதலை பெற்றார்.

இவ்வழக்கை முற்போக்கின் வெற்றியாகப் போற்றுவோர் ஒரு செய்தியை மறந்துவிடுகின்றனர். போர்ன் அச்சிறுமியை உடனே சிகிச்சைக்கு உட்படுத்தவில்லை. அவள் எத்தகையவள் என்பதை அறியும்பொருட்டுச் சில நாட்கள் வைத்தியசாலையில் வைத்து அவதானித்தார். பரிசோதனையொன்றின்போது அவள் தன்னடக்கம் இழந்து அழுதாள். அந்த அழுகையே அவரது ஐயத்தைத் தீர்த்தது. அவள் அழாதிருந்தால்? துயரத்தை உள்ளே புதைத்து மௌனமாக இருந்திருந்தால்? பெண்ணின் துன்பம் பார்ப்பவரின் மனத்தைத் தொடும் வடிவில் வெளிப்பட்டால்தான் அது சான்றாகும் என்ற எழுதாத விதி அன்றே தோன்றிவிட்டது. 1967 இல் இங்கிலாந்தில் புதிய சட்டம் வரும்வரை, வசதி படைத்த பெண்கள் உளமருத்துவ நிபுணர்களின் கடிதங்களைப் பணம் கொடுத்துப் பெற்றனர். வசதியற்றோர்க்கு மறைவிடங்களே கிடைத்தன.

அயர்லாந்திலோ இவ்வாயிலும் அடைக்கப்பட்டது. நீதிமன்றங்கள் என்றேனும் கருக்கலைப்பை அனுமதித்துவிடக்கூடும் என அஞ்சியோரின் முயற்சியால், 1983 செப்டெம்பரில் அரசியலமைப்பின் எட்டாவது திருத்தம் மக்களின் வாக்குக்கு விடப்பட்டது. வாக்களித்தோருள் ஏறத்தாழ 67 சதவீதத்தினர் அதனை ஏற்றனர். பிறவாத கருவின் வாழ்வுரிமையை ஒப்புக்கொண்ட அத்திருத்தம், தாயின் வாழ்வுரிமையும் அதற்குச் சமமானது என்றது. சமமான இரு உரிமைகள் மோதும்போது தீர்ப்பது எவ்வாறென்று அது கூறவில்லை. அவ்வேலையை வருங்காலத்துக்கு விட்டுவைத்தது.

ஒரு சிறுமியும் ஐந்து நீதிபதிகளும்

அவ்வருங்காலம் 1992 பெப்ரவரியில் வந்தது. குடும்பத்துக்குப் பழக்கமான ஒருவரின் பாலியல் வன்முறையால் 14 வயதுச் சிறுமி ஒருத்தி கருவுற்றாள். பெற்றோர் அவளை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று கருக்கலைப்புச் செய்விக்க முடிவுசெய்தனர். குற்றவாளியைத் தண்டிக்க உதவும் மரபணுச் சான்றைக் கருவின் இழையத்திலிருந்து பெறலாமா என அவர்கள் பொலிசாரை வினவினர். நீதிக்கு உதவ முனைந்த அவ்வினாவே அவர்களுக்கு வினையாயிற்று. செய்தி சட்டமா அதிபரை எட்டியது. அவர் நீதிமன்றத் தடையுத்தரவு கோரினார். இங்கிலாந்துக்குச் சென்றிருந்த குடும்பம் சிகிச்சை பெறாமலே திரும்பியது.

சிறுமி தற்கொலை எண்ணத்துடன் இருந்தாள் என்பதற்கு உளவியலாளரின் சான்று மேல் நீதிமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. நீதிபதி கொஸ்டெலோ அதனை ஒதுக்கவில்லை. ஆனால் தராசில் வைத்து நிறுத்தார். கருக்கலைப்பால் கரு அழிவது நிச்சயம், சிறுமி உயிர்மாய்ப்பது ஒரு சாத்தியம் மட்டுமே, நிச்சயத்தைச் சாத்தியம் வெல்லாது என்பது அவரது நியாயம். ஒன்பது மாதங்கள் அவள் நாட்டைவிட்டு வெளியேறலாகாது எனத் தடைவிதித்தார். தர்க்கத்தில் இது குறையற்றதாகத் தோன்றலாம். ஆனால் இத்தர்க்கத்தின்படி எந்தப் பெண்ணும் வழக்கில் வெல்லமுடியாது. ஒருவர் தம்மை மாய்த்துக்கொள்வார் என்பது, அவர் மாய்த்துக்கொள்ளும் கணம்வரை வெறும் சாத்தியமே. அது நிச்சயமாகும்போது காப்பாற்றுவதற்கு உயிர் எஞ்சியிராது.

மேன்முறையீட்டில் உயர் நீதிமன்றத்தின் ஐவருள் நால்வர் இத்தர்க்கத்தை நிராகரித்தனர். உடல்நலத்துக்கன்றித் தாயின் உயிருக்கு உண்மையானதும் கணிசமானதுமான ஆபத்து இருக்குமாயின், கர்ப்பத்தை முடிவுறுத்துவதால் மட்டுமே அதனைத் தவிர்க்க முடியுமாயின், கருக்கலைப்பு அரசியலமைப்புக்கு உடன்பட்டதே என்றும், தற்கொலையால் வரும் ஆபத்தும் அத்தகையதே என்றும் பிரதம நீதியரசர் பின்லே தீர்ப்பளித்தார். ஆபத்து உடனடியானதாகவோ தவிர்க்கவியலாததாகவோ இருக்கவேண்டும் என்ற நிபந்தனை தாயின் வாழ்வுரிமையைப் போதியளவு காக்காது எனவும் அவர் சுட்டினார். மாறுபட்ட நீதிபதி ஹெடர்மனுக்கு முன்வைக்கப்பட்ட சான்று போதியதாகத் தோன்றவில்லை. ஒரே சிறுமி, ஒரே சான்று. ஆயினும் அதனை வாசித்த நீதிபதிகள் இருவேறு முடிவுகளுக்கு வந்தனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இன்னொன்றும் நோக்கற்பாலது. தற்கொலை முயற்சி அயர்லாந்தில் குற்றமாக இருந்த காலம் அது. அக்குற்றம் 1993 இலேதான் நீக்கப்பட்டது. தன்னைத்தான் மாய்க்க முயல்வாளாயின் அவளைக் குற்றவாளியாக்கும் சட்டமும், அவ்வாறு முயல்வாள் என நிரூபித்தால் மட்டுமே அவளுக்கு விடுதலை தரும் சட்டமும் ஒரே நாட்டில், ஒரே வேளையில், ஒரே சிறுமியின்மீது பாய்ந்தன.

எண்ணிக்கையில் வெளிப்பட்ட அவநம்பிக்கை

தீர்ப்பு வந்த அதே ஆண்டின் நவம்பரில் தற்கொலை அபாயத்தை விலக்கும் திருத்தமொன்று மக்கள்முன் வைக்கப்பட்டது. மக்கள் அதனை மறுத்தனர். வேறு நாட்டுக்குப் பயணம் செய்யும் உரிமையையும் தகவல் பெறும் உரிமையையும் அதே நாளில் ஏற்றனர். 2002 மார்ச்சில் மீண்டும் அதே முயற்சி நடந்தது. மயிரிழையில் அதுவும் தோற்றது. தற்கொலை அபாயத்தை உயிராபத்தாக ஏற்கமாட்டோம் என்று கூற மக்கள் இருமுறை மறுத்தனர். ஆயினும் தீர்ப்பை நடைமுறைப்படுத்தும் சட்டத்தை 21 ஆண்டுகளாகப் பாராளுமன்றம் இயற்றவில்லை. 1992 இலேயே நீதிபதி மக்கார்த்தி இவ்வசட்டையைக் கடுமையாகக் கண்டித்திருந்தார்.

இரு நிகழ்ச்சிகள் இவ்வுறக்கத்தைக் கலைத்தன. தனக்குள்ள உரிமையை நிலைநாட்டிக்கொள்ளப் பெண்ணுக்கு எந்த வழிமுறையும் அயர்லாந்தில் இல்லையென 2010 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் கண்டறிந்தது. 2012 ஒக்டோபரில் சவிதா ஹலப்பனவர் என்னும் இந்தியப் பெண், 17 வாரக் கர்ப்பம் சிதைந்துகொண்டிருந்த நிலையில் கருக்கலைப்பை வேண்டி, அது மறுக்கப்பட்டு, கிருமித்தொற்றால் கோல்வே நகரில் இறந்தார். அம்மரணத்தை ஆராய்ந்த குழுவின் தலைவர் இலங்கையில் மருத்துவம் பயின்ற தமிழரான பேராசிரியர் சபாரத்தினம் அருள்குமரன் ஆவார். கருவின் இதயத்துடிப்பு நிற்கும்வரை தலையிடலாகாது என்பதில் காட்டப்பட்ட மிகையான கவனத்தை அக்குழு 2013 இல் சுட்டிக்காட்டி, சட்டத்தைப் பரிசீலிக்குமாறும் பரிந்துரைத்தது. பெண் சாவுக்கு எவ்வளவு அருகில் வந்தால் போதும் என்ற கேள்வியை மருத்துவரிடம் சுமத்தினால் விளைவது என்ன என்பதற்கு, உடல்நோய் தொடர்பாக அது சான்று. உளநோய் தொடர்பாகவும் அதே கேள்விதான் காத்திருந்தது.

2013 ஜூலையில் கர்ப்பகால உயிர்ப்பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 2014 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் உள்ளத்தை அறிய அதன் எண்களைப் பார்த்தாலே போதும். உடனடி ஆபத்தெனின் ஒரு மருத்துவர் சான்றுரைக்கலாம். உடல்நோயால் ஆபத்தெனின் இருவர் வேண்டும். தற்கொலையால் ஆபத்தெனின் மூவர் வேண்டும்: மகப்பேற்று நிபுணர் ஒருவர், உளமருத்துவ நிபுணர் இருவர். மூவரும் பெண்ணைப் பரிசோதித்து, மூவரும் உடன்படவேண்டும். மறுக்கப்பட்டால் மீளாய்வுக் குழுவின் வேறு மூவர் முன் அவள் தோன்றவேண்டும். ஆக, உயிர்வாழ விரும்பவில்லை எனக் கூறும் ஒரு பெண் அக்கூற்றை ஆறு நிபுணர்கள்வரை திரும்பத் திரும்ப எடுத்துரைக்கும் நிலை உண்டாயிற்று. இவ்வெல்லைக்கு வெளியே நிகழும் கருக்கலைப்புக்குத் தண்டனை 14 ஆண்டுவரையான சிறை.

உளநோய் உடல்நோயைவிடக் கண்டறியச் சிக்கலானது, ஆகவே மேலதிக நிபுணர் தேவை என இதற்கு நியாயம் கூறப்பட்டது. இது ஏற்கத்தக்கதன்று. வேறெந்தச் சிகிச்சைக்கும் தற்கொலை எண்ணமுடைய நோயாளி மூவரின் ஏகமனதான தீர்ப்பைப் பெறவேண்டியதில்லை. அவசரமாக வைத்தியசாலைக்கு வரும் அத்தகைய நோயாளியை இரவுக்கடமையில் இருக்கும் இளம் வைத்தியரே பரிசோதித்து அனுமதிக்கிறார். மூன்றாவது மருத்துவரைச் சேர்த்தது அறிவின் தேவையன்று; பெண் பொய் சொல்வாள் என்ற சந்தேகமேயாகும். உடல்நோயாளியின் இரத்த அழுத்தத்தை எவரும் சந்தேகிப்பதில்லை. உளநோயாளியின் சொல்லை மட்டும் சட்டம் முன்கூட்டியே சந்தேகித்தது.

அளக்கவியலாததை அளத்தல்

தற்கொலை அபாயத்தை மதிப்பிடுதல் உளமருத்துவரின் அன்றாடப் பணியல்லவா, அதைத்தானே சட்டமும் கேட்டது என்று வினவலாம். இங்குதான் சொல்லொன்று இரு பொருளில் மயங்குகிறது. மருத்துவத்தில் மதிப்பீடு என்பது நோயாளியோடு உரையாடி, அவரை வருத்துவது யாது, தாங்கிநிற்பது யாது, யார் உடனிருக்கவேண்டும், எப்போது மீளச் சந்திக்கவேண்டும் என்பவற்றை அறிந்து பராமரிப்பைத் திட்டமிடுவதாகும். சட்டம் கேட்பதோ எதிர்வுகூறல். இப்பெண் இறப்பாளா? அச்சாவைக் கருக்கலைப்பு ஒன்றால் மட்டுமே தடுக்க முடியுமா? முதலாவது மருத்துவம். இரண்டாவது சோதிடம்.

சோதிடம் என்பது வசையாகக் கூறப்பட்டதன்று, கணக்காகவே கூறப்பட்டது. ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்யலாம். தற்கொலை எண்ணமுடைய 1,000 பெண்களுள் உண்மையில் 5 பேர் உயிர்மாய்ப்பர் எனக் கொள்வோம். பத்துக்கு ஒன்பது தடவை சரியாகக் கூறும் சோதனையொன்று உளமருத்துவரிடம் இருப்பதாகவும் கொள்வோம். அத்தகைய சோதனை உலகில் எங்குமில்லை. அது அந்த ஐவருள் நால்வரையோ ஐவரையுமோ இனங்காணும். ஆனால் எஞ்சிய 995 பேருள் ஏறத்தாழ 100 பேரையும் தவறாகச் சுட்டும். சுட்டப்பட்டவருள் இருபதுக்குப் பத்தொன்பது பேர் இறந்திருக்கமாட்டார். அரிதான நிகழ்வை முன்னறிய முயலும் எந்தக் கருவிக்கும் இதுவே கதி. மருத்துவரின் திறமைக்குறைவு இதற்குக் காரணமன்று, நிகழ்தகவின் இயல்பே காரணம். தற்கொலையை எதிர்வுகூறுவதற்கு அபாய அளவைக் கருவிகளைப் பயன்படுத்தலாகாதென இங்கிலாந்தின் தேசிய சுகாதார வழிகாட்டி நிறுவனம் 2022 இல் வெளிப்படையாகவே அறிவுறுத்தியுள்ளது.

ஆகவே, உண்மையானதும் கணிசமானதுமான ஆபத்து எனச் சான்றுரைக்கும் நேர்மையான உளமருத்துவர் தாம் அறியாததை அறிந்ததாகக் கையொப்பமிடுகிறார். சான்றுரைக்க மறுக்கும் உளமருத்துவரும் அவ்வாறே. இருவரும் சமமாகவே அறியாதவர்கள். அறியாமையின் விலையைச் செலுத்துபவள் மட்டும் ஒருத்தியே.

இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. உளமருத்துவத்தின் ஒரே கருவி நம்பிக்கை. நோயாளி உள்ளத்தைத் திறந்து பேசினாலன்றி மருத்துவர் எதனையும் செய்யவியலாது. அம்மருத்துவரே வாயிற்காவலராகவும் அமர்த்தப்படும்போது நோயாளி பேசும் ஒவ்வொரு சொல்லும் வாக்குமூலமாகிறது. நாளைய தினத்தில் சிறிதளவு நம்பிக்கை உண்டு என அவள் உண்மை கூறினால், அவ்வுண்மையே அவளுக்கு எதிரான சான்று. நம்பிக்கை இல்லை எனப் பொய் கூறினால், அப்பொய்யே அவளுக்குத் திறவுகோல். துயரத்தை மிகைப்படுத்தத் தெரிந்தவள் வெல்வாள். துயரத்தால் நாவடைத்துப்போனவள், மொழி தெரியாதவள், அதிகாரிகளைக் கண்டு அஞ்சுபவள் தோற்பாள். உண்மையில் அபாயத்தில் இருப்போர் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினரே. நலிந்தோரைக் காப்பதாகக் கூறும் சட்டம் நலிந்தோரையே வடிகட்டி வெளியே தள்ளுகிறது.

2014 இல் இது கண்கூடாயிற்று. தன் நாட்டில் வன்புணர்வுக்கு ஆளாகி, அயர்லாந்தில் புகலிடம் கோரிய இளம்பெண் ஒருத்தி, வந்த சில நாட்களிலேயே தான் கருவுற்றிருப்பதை அறிந்து கருக்கலைப்பை வேண்டினாள். பயண ஆவணமும் பணமும் இன்மையால் இங்கிலாந்து செல்லும் வழி அடைபட்டது. மாதங்கள் கழிந்தன. இறுதியில் நிபுணர் குழு அவளைப் பரிசோதித்து, தற்கொலை அபாயம் உண்மையே என ஏற்றது. ஆனால் அதற்குள் கரு வெளியே பிழைக்கத்தக்க வளர்ச்சியை எட்டியிருந்தது. அவள் உணவையும் நீரையும் மறுத்தாள். அவளுக்கு நீரூட்ட நீதிமன்ற ஆணை பெறப்பட்டது. ஏறத்தாழ 25 ஆவது வாரத்தில் சத்திரசிகிச்சைமூலம் குழந்தை வெளியே எடுக்கப்பட்டது. சட்டம் கேட்ட சான்றை அவள் கொடுத்தாள், நிபுணர்களும் ஏற்றனர். ஆயினும் அவள் கேட்டது கிடைக்கவில்லை.

மறுதரப்பின் வாதங்கள்

இச்சட்டத்தை எதிர்த்தோர் இரு முனைகளில் வாதித்தனர். தற்கொலை அபாயத்தை ஏற்றால் மடை திறந்துவிடும், பெண்கள் பொய்க் காரணம் கூறித் திரள்வர் என்பது முதலாவது. நடந்தது யாது? 2014 இல் அயர்லாந்தில் இச்சட்டத்தின்கீழ் நிகழ்ந்த கருக்கலைப்புகள் மொத்தம் 26. அவற்றுள் தற்கொலை அபாயத்தின் பேரில் நிகழ்ந்தவை 3. அதே ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அயர்லாந்து முகவரி கொடுத்துக் கருக்கலைப்புச் செய்துகொண்டோர் 3,735 பேர். மடை ஏற்கனவே திறந்திருந்தது, கடலுக்கு அப்பால். கப்பற்கட்டணம் செலுத்த வல்லவர் எவரும் மூன்று நிபுணரிடம் தம் உள்ளத்தை ஒப்புவிக்கவில்லை.

இரண்டாவது வாதம் கனதியானது. கருக்கலைப்பு தற்கொலை எண்ணத்துக்கான சிகிச்சை என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை, கர்ப்பிணிகளிடையே தற்கொலை மற்றைய பெண்களிடையே காணப்படுவதைவிடக் குறைவு, உளநோய்க்கு உளச்சிகிச்சையே மருந்து என உளமருத்துவருள் ஒரு சாரார் வாதித்தனர். இவ்வாதத்தின் உண்மைப் பகுதியை மறைப்பது நேர்மையாகாது. கர்ப்ப காலத்தில் தற்கொலை ஒப்பீட்டளவில் அரிதென்பது உண்மையே. விரும்பாத கர்ப்பமுடைய பெண்களிடையே, கருக்கலைப்புச் செய்தோர்க்கும் பிரசவித்தோர்க்கும் பின்னர் ஏற்படும் உளநோயின் வீதம் ஏறத்தாழச் சமமானதென இங்கிலாந்தின் மருத்துவக் கல்லூரிகள் சார்பில் 2011 இல் வெளியான விரிவான மீளாய்வும் கண்டது.

ஆனால் இவ்வுண்மைகளிலிருந்து பெறப்படும் முடிவு அவர்கள் பெற்ற முடிவன்று. சராசரி என்பது திரளைப் பற்றிய கூற்று. விரும்பிக் கருவுற்று, கணவனும் சுற்றமும் சூழ வாழும் பெண்களையும் உள்ளடக்கிய சராசரியைக் காட்டி, வன்புணர்வால் கருவுற்ற 14 வயதுச் சிறுமிக்கு அபாயம் குறைவெனக் கூறுதல் புள்ளிவிபரத்தை அவமதிப்பதாகும். மேலும், கருக்கலைப்பு உளநோய்க்கு மருந்தாகாதென்பது மெய்யெனின், அதனை உளநோய்க்கான மருந்தாக மாறுவேடமிட்டு வந்தாலன்றி அனுமதியோம் என வற்புறுத்தியது யார்? பெண்களா? அப்பெண்கள் தம்மை நோயாளிகள் எனக் கூறிக்கொள்ள விரும்பவில்லை. தம்மால் இக்கர்ப்பத்தைத் தாங்கவியலாதென்றே கூறினர். அக்கூற்றுக்குச் செவிகொடாத சட்டமே அதனை நோயின் மொழிக்குப் பெயர்க்குமாறு பணித்துப் பின்னர் பெயர்ப்பில் பிழை கண்டது.

இக்கண்டனம் தாராளவாதிகளுக்கும் பொருந்தும். உளநலம் என்ற காரணத்தை விரிவாக வைத்தால் போதும், கருணையுள்ள மருத்துவர் கையொப்பமிடுவர், சிக்கல் தீரும் என்று கருதுவோர் பலர். நியூசிலாந்தில் 1977 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நிகழ்ந்தது இதுவே. அங்கே மிகப் பெரும்பாலான கருக்கலைப்புகள் உளநலக் காரணத்தின் பேரில், இரு மருத்துவரின் சான்றோடு நடந்தன. 2020 வரை நாற்பதாண்டுக்கு மேலாக, நோயற்ற பெண்கள் தாளில் நோயாளிகளாயினர். பெண் வெளியேற வாயில் கிடைத்தது உண்மையே. அதற்கு விலையாக அவளது தெளிந்த முடிவு உளக்கோளாறாகப் பதியப்பட்டது. சடங்காக மாறிய பொய்யைக் கருணையென அழைப்பதற்கில்லை. மேலும், கையொப்பமிடும் கை மாறினால் அச்சடங்கு ஒரே நாளில் கொடுமையாகிவிடும்.

அயர்லாந்து கற்றது, இலங்கை கல்லாதது

2018 மே 25 ஆம் திகதி அயர்லாந்து மக்கள் 66.4 சதவீத வாக்குகளால் எட்டாவது திருத்தத்தை நீக்கினர். 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், 12 வாரங்கள்வரை காரணம் கேட்பதில்லை. அதன்பின், பெண்ணின் உயிருக்கு ஆபத்தோ உடல்நலத்துக்குப் பாரதூரமான தீங்கோ நேரும் நிலையில் இரு மருத்துவர் முடிவுசெய்கின்றனர். நலம் என்பது உடல்நலமும் உளநலமும் என அச்சட்டம் வரையறுக்கிறது. தற்கொலைக்கெனத் தனிப்பிரிவு இல்லை, மூன்றாவது மருத்துவர் இல்லை. அது குறையற்ற சட்டமன்று. மூன்று நாட் காத்திருப்பும், எல்லையை மீறும் மருத்துவர்க்கான 14 ஆண்டுத் தண்டனையும் அதில் உண்டு. ஆயினும் தன் கருவைக் கலைத்த பெண்ணை அது குற்றவாளியாக்கவில்லை. உளமருத்துவரை வாயிற்காவலிலிருந்து விடுவித்து நோயாளியின் அருகே மீண்டும் அமர்த்தியது. தற்கொலை எண்ணமுடைய கர்ப்பிணி இன்று அங்கே உளமருத்துவரிடம் உண்மை பேசலாம். எந்தப் பதிலும் அவளது வழியை அடைக்காது.

அயர்லாந்தின் வழக்கு இலங்கைக்கு அந்நியமானதன்று. 1883 ஆம் ஆண்டில் குடியேற்ற ஆட்சி இலங்கைக்கு அளித்த தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவு, பெண்ணின் உயிரைக் காக்கும்பொருட்டு நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலன்றிக் கருச்சிதைவு செய்வித்தல் குற்றம் என்கிறது. தன் கருவைத் தானே சிதைக்கும் பெண்ணும் அதில் அடங்குவாள். 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையே அதன் மூலம். இந்தியா 1971 இல் தனிச்சட்டம் இயற்றி உடல்நலத்தோடு உளநலத்தையும் ஏற்றது. அச்சட்டத்தின் ஒரு நுட்பம் போற்றத்தக்கது. வன்புணர்வால் கர்ப்பம் நேர்ந்ததாகப் பெண் கூறின், அதனால் விளையும் வேதனை அவளது உளநலத்துக்குப் பாரதூரமான தீங்கு என்று சட்டமே அனுமானிக்கிறது. அவள் அழவேண்டியதில்லை, சாவேன் என அச்சுறுத்த வேண்டியதில்லை. இலண்டன் சிறுமியிடமும் டப்ளின் சிறுமியிடமும் கேட்கப்பட்ட சான்றை இந்தியச் சட்டம் தானே வழங்கியது.

இலங்கையின் 303 ஆம் பிரிவோ எழுதப்பட்டவாறே இன்றும் நிற்கிறது. வன்புணர்வு முதலிய காரணங்களைச் சேர்க்க 1995 இல் எடுக்கப்பட்ட முயற்சி பாராளுமன்றத்தில் எதிர்ப்பைக் கண்டு கைவிடப்பட்டது. உயிரைக் காத்தல் என்பதில் தற்கொலையிலிருந்து காத்தலும் அடங்குமா என அப்பிரிவு கூறவில்லை. யார் மதிப்பிடுவது, எவ்வாறு மதிப்பிடுவது, மறுக்கப்பட்டவள் யாரிடம் முறையிடுவது என்பவற்றுக்கும் அதில் விடையில்லை. அயர்லாந்து மூன்று மருத்துவரை நிறுத்திய இடத்தில் இலங்கைச் சட்டம் எவரையும் நிறுத்தவில்லை. ஆயினும், 1998 இல் தற்கொலை முயற்சியைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியபோது, உயிரை வெறுத்தவர்க்குத் தேவை தண்டனையன்று, பராமரிப்பே என்பதை இந்நாட்டுச் சட்டமும் ஒப்புக்கொண்டது. அவ்வொப்புதல் கர்ப்பிணியின் படுக்கையருகை மட்டும் இன்னும் எட்டவில்லை.

சீர்திருத்தத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், தற்கொலை அபாயத்தையும் ஒரு காரணமாகச் சேர்த்து, நிபுணர் குழுவொன்றை அமைத்தால் நடுவழி கண்டதாகும் என எவரேனும் கூறக்கூடும். நிதானமான யோசனையாகவும் அது தோன்றும். அவ்வழியில் அயர்லாந்து சென்று திரும்பியுள்ளது. அளக்கவியலாததை அளக்குமாறு மருத்துவரைப் பணிப்பதும், சாவின் விளிம்பில் நிற்பதாகக் காட்டுமாறு பெண்ணைப் பணிப்பதும் நடுவழியாகா. பெண்ணின் நலத்தைக் கருதுவதாயின் அவளது உடலும் உள்ளமும் சேர்ந்த நலத்தையே சட்டம் கருதட்டும். அவளது துயரத்தை மருத்துவர் கேட்பது ஆற்றுவதற்காக மட்டும் இருக்கட்டும். மருத்துவ பீடத்திலும் சட்டத் துறையிலும் பயில்வோர் இவ்விரண்டையும் தம் துறைகளின் பேரால் இன்றே வற்புறுத்தல் வேண்டும். அடுத்த சட்டமூலத்தை வரையப்போவோரும், அதன்கீழ் கையொப்பமிடுமாறு கேட்கப்படப்போவோரும் அவர்களே.